அமெரிக்க வர்த்தகச் சட்டங்களும் தொழில் நிறுவனங்களின் ஆதரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு நாடுகள் வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன என்று செய்தி வந்தால், காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் அப்போதுதான் பாதி வேலையே ஆரம்பிக்கிறது. ஒப்பந்தம் சட்டமாக வேண்டும். அதற்கு ஓட்டு வேண்டும். அந்த ஓட்டைத் திரட்டுவதில் தொழில் நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அது எப்படி நடக்கிறது, எங்கே பலிக்கிறது, எங்கே தவறிப்போகிறது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

அதிபர் கையெழுத்துப் போட்ட பிறகும் தனியாகச் சட்டம் எதற்கு?

அமெரிக்க அரசியல் சாசனம் வரி விதிக்கும் அதிகாரத்தையும் வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தையும் காங்கிரஸிடம்தான் கொடுத்திருக்கிறது. காங்கிரஸ் என்றால் இங்கே கட்சி இல்லை. பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த நாடாளுமன்றம். அதிபர் பேச்சுவார்த்தை நடத்தலாம், கையெழுத்துப் போடலாம். ஆனால் ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டபடி உள்நாட்டுச் சட்டங்களை மாற்ற ஒரு அமலாக்க மசோதா இரண்டு சபைகளிலும் நிறைவேற வேண்டும்.

நிறைவேறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக் நாடுகளின் டிபிபி ஒப்பந்தமே சாட்சி. 12 நாடுகள் 2016 பிப்ரவரி 4 அன்று ஆக்லாந்தில் கையெழுத்திட்டன. அமெரிக்கக் காங்கிரஸில் அது ஓட்டெடுப்புக்கே வரவில்லை. 2017 ஜனவரி 23 அன்று அமெரிக்கா அதிலிருந்து விலகியது. அமெரிக்காவின் பல வருடப் பேச்சுவார்த்தை வீணாகப் போனது.

ஆனால் அதிபரே வரியை ஏற்றுகிறாரே?

ஏற்றுகிறார். அதுவும் காங்கிரஸ் கடன் கொடுத்த அதிகாரம்தான். தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி வரி போட 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 232-ஆவது பிரிவும், மற்ற நாடுகளின் நியாயமற்ற வர்த்தக நடைமுறைக்குப் பதிலடி கொடுக்க 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 301-ஆவது பிரிவும் இருக்கின்றன.

காங்கிரஸ் இப்படி அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு ஒரு கசப்பான பின்னணி உண்டு. 1930-ல் ஸ்மூட்-ஹாலி வரிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு உறுப்பினரும் தன் ஊர்ச் சரக்குக்குப் பாதுகாப்புக் கேட்க, பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தும், அதிபர் ஹூவர் ஜூன் 17 அன்று கையெழுத்திட்டார். மற்ற நாடுகள் பதிலுக்கு வரி போட்டன, உலக வணிகம் சுருங்கியது. அந்தச் சூட்டில்தான் வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் முன்னின்று 1934-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். வரியைப் பாதி வரைக்கும் குறைத்து மற்ற நாடுகளோடு ஒப்பந்தம் செய்ய அதிபருக்கு அது அனுமதி கொடுத்தது.

வரி குறைந்தால் வெளிநாட்டு ஏற்றுமதியாளருக்குத்தானே லாபம்? அமெரிக்க நிறுவனம் ஏன் ஓடி ஓடி வேலை செய்கிறது?

இந்தக் கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். இறக்குமதி வரியைச் சுங்கத்துறைக்குக் கட்டுவது சரக்கை இறக்குமதி செய்யும் நிறுவனம். அதன் ஒரு பகுதியை விலைக்குறைப்பாக ஏற்றுமதியாளர் ஏற்றுக்கொள்ளலாம், இன்னொரு பகுதி வாடிக்கையாளர் தலையில் விழலாம். ஆனால் கப்பல் வந்ததும் பணத்தை எடுத்து வைக்க வேண்டியவர் இறக்குமதியாளர்தான்.

தண்ணீர்ப் பம்பு செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வார்ப்பு உள்ளூரில், பேரிங் வெளிநாட்டில், மோட்டாரின் சில பாகங்கள் இன்னொரு நாட்டில். சரக்கு துறைமுகத்துக்கு வந்ததும் அந்த நிறுவனத்தின் சுங்க முகவர் ஒரு படிவத்தை நிரப்புகிறார். ஒவ்வொரு பாகத்துக்கும் பத்து இலக்கக் குறியீட்டு எண், பக்கத்தில் மதிப்பு, அதற்குப் பக்கத்தில் வரி விகிதம், கடைசியில் கட்ட வேண்டிய தொகை. பம்பு விற்றதோ இல்லையோ, அந்தத் தொகையைக் கட்டியாக வேண்டும். வர்த்தகச் சட்டம் என்பது அந்த நிறுவனத்துக்குக் கடைசியில் இந்தக் கட்டத்தில் இருக்கும் எண்தான்.

ஜிஎஸ்பி என்ற வரிச்சலுகைத் திட்டம் நல்ல உதாரணம். வளரும் நாடுகளிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு வரி வேண்டாம் என்று 1974-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1976 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் காங்கிரஸ் அவ்வப்போது புதுப்பித்தால்தான் அது உயிரோடு இருக்கும். 2013 ஜூலை 31 அன்று காலாவதியானது. 2015 ஜூன் கடைசியில்தான் புதுப்பித்தார்கள். கட்டிய வரியைத் திருப்பிக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கையிருப்புப் பணம் முடங்கிக் கிடந்தால் சின்ன நிறுவனம் எப்படித் தாங்கும்? ஆள் எடுப்பதை நிறுத்தும், இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடும். இந்தியாவை 2019 ஜூன் 5 அன்று இந்தச் சலுகையிலிருந்து நீக்கினார்கள். 2020 டிசம்பர் 31 அன்று மொத்தத் திட்டமும் மறுபடி காலாவதியானது. புதுப்பிக்கச் சொல்லி அதிகம் குரல் கொடுத்தவர்களில் அமெரிக்க இறக்குமதியாளர்களும் இருந்தார்கள்.

ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்குக் கணக்கு நேரெதிர். எதிர்த் தரப்பு நாட்டின் வரி இறங்க வேண்டும். அது இறங்க, இங்கே சட்டம் நிறைவேற வேண்டும்.

இதற்காகக் குரல் கொடுப்பவர்கள் யார்?

அமெரிக்க வர்த்தக சபை 1912-ல் தொடங்கியது. தேசிய உற்பத்தியாளர் சங்கம் அதற்கும் முந்தியது, 1895. வெளிநாட்டு வர்த்தகத்துக்கென்றே 1914-ல் ஒரு தேசியக் கவுன்சில் வந்தது. பெரிய நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகள் 1972-ல் பிசினஸ் ரவுண்ட்டேபிள் அமைத்தார்கள். விவசாயிகள் பக்கம் பார்ம் பீரோ. சில்லறை வணிகர்களுக்குத் தனிக் கூட்டமைப்பு. ஒரு பெரிய மசோதா வரும்போது இவர்களெல்லாம் சேர்ந்து அதற்கென்று தற்காலிகக் கூட்டணி ஒன்றை ஏற்படுத்துவார்கள்.

அப்படியென்றால் தொழில் உலகம் ஒரே குரலில் பேசுகிறதா?

இல்லவே இல்லை. செய்தித்தாளில் 'தொழில்துறை ஆதரவு' என்று ஒற்றை வரியில் எழுதுவது எனக்கு எப்போதும் உறுத்தும். சர்க்கரை உற்பத்தியாளர்கள் மத்திய அமெரிக்க நாடுகளோடு செய்த ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஜவுளி ஆலைகளும் துணிக்கடைகளும் ஒரே மசோதாவுக்கு எதிரெதிர்ப் பக்கம் நிற்கும். எஃகு உருக்குபவர் வரி வேண்டும் என்பார். அந்த எஃகை வாங்கிப் பெட்டி செய்பவர் வேண்டாம் என்பார். இரண்டு பேரும் சொல்வது அவரவர் கணக்கில் உண்மை.

ஃபோர்டு நிறுவனத்தின் நிலை மாறியதைப் பாருங்கள். தென் கொரியாவோடு 2007-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தை 2010 நவம்பரிலும் ஃபோர்டு பகிரங்கமாக எதிர்த்தது. பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தது. டிசம்பரில் இரு நாடுகளும் திரும்ப உட்கார்ந்து பேசின. அமெரிக்கா கார்களுக்கான தன் 2.5 சதவீத வரியை ஐந்தாவது வருடம் வரை வைத்துக்கொள்ளலாம், கொரியா தன் 8 சதவீதத்தை உடனே 4 ஆக்க வேண்டும் என்று முடிவானது. அப்புறம் ஃபோர்டும் ஆதரித்தது, வாகனத் தொழிலாளர் சங்கமும் ஆதரித்தது. 2011 அக்டோபர் 12 அன்று காங்கிரஸில் நிறைவேறியது. 2012 மார்ச் 15 முதல் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் இரண்டு எண்கள் மாறியதால் வந்த ஆதரவு அது.

'ஃபாஸ்ட் டிராக்' என்று சொல்கிறார்களே, அது என்ன?

1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு. பிற்பாடு வர்த்தக ஊக்குவிப்பு அதிகாரம் என்று பெயர் மாறியது. காங்கிரஸ் முன்கூட்டியே பேச்சுவார்த்தைக்கு இலக்குகள் வகுத்துக் கொடுக்கும். அதிபர் அதன்படி ஒப்பந்தம் கொண்டுவந்தால், திருத்தம் எதுவும் கொண்டுவராமல் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் ஓட்டுப் போடும். ஒவ்வொரு சபையிலும் விவாதம் 20 மணி நேரத்துக்குமேல் போகாது. மசோதா வந்து அதிகபட்சம் 90 அமர்வு நாட்களுக்குள் முடிவு தெரிந்துவிடும்.

நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்குப் பாடுபடுவதைப் போலவே இந்த அதிகாரத்துக்கும் பாடுபட்டன. காரணம் எளிது. பேரம் முடிந்த பிறகு காங்கிரஸ் ஒவ்வொரு வரியாகத் திருத்தும் என்றால், எந்த நாடும் தன் கடைசி விலையைச் சொல்லாது. 1998-ல் பிரதிநிதிகள் சபை இந்த அதிகாரத்தைப் புதுப்பிக்க மறுத்தது: 180 ஆதரவு, 243 எதிர்ப்பு. 2001 டிசம்பர் 6 அன்று 215–214, ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. 2015-ல் வந்த கடைசிச் சட்டம் 2021 ஜூலை 1 அன்று காலாவதியானது.

நிறுவனங்கள் உண்மையில் என்ன செய்கின்றன?

மூன்று இடங்களில் வேலை நடக்கிறது.

முதலாவது, ஒப்பந்தம் எழுதப்படும்போதே. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலோசனைக் குழுக்களை ஏற்படுத்தியது. தொழில், விவசாயம், தொழிலாளர் என்று தனித்தனிக் குழுக்கள். பாதுகாப்பு அனுமதி பெற்ற உறுப்பினர்கள் வெளியில் வராத பேச்சுவார்த்தை வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லலாம். கையெழுத்துக்கு முன்பே தங்கள் அறிக்கையைக் காங்கிரஸுக்கும் அதிபருக்கும் கொடுக்க வேண்டும். தொழில் பக்கத்துக் குழுக்களே எண்ணிக்கையில் அதிகம் என்ற குறை பல காலமாக இருக்கிறது. அது நியாயமான குறை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, பொதுவெளி. விளம்பரம், கூட்டறிக்கை, நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் கையெழுத்திட்ட கடிதம். 1993-ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான நாஃப்டா ஒப்பந்தத்துக்காக உருவான கூட்டணி, மாநிலத்துக்கு ஒரு பெரிய நிறுவனத்தைக் 'கேப்டன்' ஆக நியமித்து வேலை செய்தது.

மூன்றாவதுதான் கனமானது: தொகுதி உறுப்பினரின் அலுவலகம். அறைக்குள் போனால் எதிரே இருப்பவர் பெரும்பாலும் உறுப்பினர் இல்லை, இளம் உதவியாளர். மடியில் நோட்டு. கிடைப்பது பதினைந்து நிமிடம். தலைநகரத்துச் சங்க நிர்வாகி 'இந்த ஒப்பந்தம் நாட்டின் போட்டித்திறனை உயர்த்தும்' என்று சொன்னால் அந்தப் பேனா அசையாது. அதையே ஊரிலிருந்து வந்த பம்பு நிறுவன முதலாளி, 'என்னிடம் 180 பேர் வேலை செய்கிறார்கள், இன்னின்ன ஊர்களிலிருந்து வருகிறார்கள், இந்தக் குறியீட்டு எண்ணுக்குப் போன வருடம் இவ்வளவு வரி கட்டினேன், இது குறைந்தால் இரண்டாவது ஷிப்ட் திறப்பேன்' என்றால் பேனா ஓட ஆரம்பிக்கும். உதவியாளர் கேட்கும் அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: 'திறப்பேன் என்பதை எழுதிக் கொடுப்பீர்களா?'

இதெல்லாம் சட்டப்படி சரியா?

சரிதான், வரம்புக்குள் செய்தால். 1995-ஆம் ஆண்டு வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி லாபி செய்பவர்கள், அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டு உறுப்பினர்களிடம் ஆதரவு கேட்பவர்கள், பதிவு செய்ய வேண்டும். 2007-ல் சட்டத்தைக் கடுமையாக்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கேட்கிறார்கள். எந்த மசோதா, எவ்வளவு செலவு என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பெரிய நிறுவனங்கள் ஆதரித்தால் மசோதா நிச்சயம் நிறைவேறுமா?

ஆதரவு வாசல் வரை கொண்டுவிடும். உள்ளே போக வேறு சாவியும் வேண்டும்.

1993 நவம்பர் 17 அன்று நாஃப்டா பிரதிநிதிகள் சபையில் 234–200 என்று வென்றது. அதிபர் கிளின்டன் ஜனநாயகக் கட்சிக்காரர். அவர் கட்சியில் ஆதரித்தவர்கள் 102 பேர்தான், எதிர்க்கட்சியில் 132 பேர். தொழிலாளர், சுற்றுச்சூழல் துணை ஒப்பந்தங்களைச் சேர்த்த பிறகும் நிலைமை இதுதான்.

2005-ல் மத்திய அமெரிக்க ஒப்பந்தம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டிய ஓட்டெடுப்பை ஒரு மணி நேரம் போலத் திறந்தே வைத்தார்கள். நள்ளிரவு தாண்டி, ஜூலை 28 பிறந்த பிறகு, பலகையில் 217–215 என்று வந்ததும் மூடினார்கள்.

நாஃப்டாவுக்குப் பதிலாக வந்த யுஎஸ்எம்சிஏ ஒப்பந்தமோ 2019 டிசம்பர் 19 அன்று 385–41, 2020 ஜனவரி 16 அன்று செனட்டில் 89–10. ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஓட்டெடுப்புக்கு முன்னால் அதை மாற்றி எழுதினார்கள். தொழிலாளர் உரிமை மீறும் ஆலைமீது விரைவாக நடவடிக்கை எடுக்க வழி வைத்தார்கள். உயிரியல் மருந்துகளுக்கு நகல் மருந்துகளின் போட்டியிலிருந்து 10 வருடப் பாதுகாப்பு என்ற ஷரத்தை எடுத்துவிட்டார்கள். மருந்து நிறுவனங்களுக்கு அது பெரிய இழப்பு. காரின் 40 முதல் 45 சதவீத மதிப்பு, மணிக்கு 16 டாலராவது சம்பளம் வாங்கும் தொழிலாளர் கையால் வர வேண்டும் என்ற விதி முதலிலிருந்தே இருந்தது. பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓ கடைசியில் ஆதரவு கொடுத்தது. நிறுவனங்கள் கேட்டதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததால்தான் இந்த ஓட்டு வந்தது. இதை ஒவ்வொரு கூட்டமைப்பும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

ஆதரித்து ஓட்டுப்போடும் உறுப்பினருக்கு என்ன ஆபத்து?

வட கரோலினாவின் ராபின் ஹேய்ஸைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய தாத்தா சார்லஸ் கேனன், கேனன் ஜவுளி ஆலைகளை நடத்தியவர். கன்னாபொலிஸ் என்ற ஊரே அந்த ஆலையைச் சுற்றி எழுந்தது. அந்தத் தொகுதியின் உறுப்பினரான ஹேய்ஸ், 2001-ல் ஒற்றை ஓட்டில் நிறைவேறிய மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். 2003 ஜூலை 30 அன்று அந்த ஆலைகளை அப்போது நடத்திவந்த பில்லோடெக்ஸ் நிறுவனம் மூடிவிட்டது. கன்னாபொலிஸ் வட்டாரத்தில் 4,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். 2005 நள்ளிரவில், முதலில் எதிர்ப்பேன் என்று சொல்லியிருந்த அதே ஹேய்ஸ் ஆதரவாக மாறினார். அடுத்த தேர்தலில், 2006-ல், அவர் தப்பியது 329 ஓட்டில். 2008-ல் தோற்றார். ஜெயித்தவர் லாரி கிஸ்ஸல், முன்னாள் ஜவுளி ஆலைத் தொழிலாளி.

கொடுத்த வாக்குறுதிகள் பலித்தனவா?

சில பலித்தன. சிலவற்றுக்கு ஏழை ஊர்கள் விலை கொடுத்தன. இதில் நான் நடுநிலையாகப் பேச முடியாது.

2000-ஆம் ஆண்டு சீனாவுக்கு நிரந்தர வர்த்தக உறவு கொடுக்கும் மசோதாவுக்காகத் தொழில் கூட்டமைப்புகள் முழுமூச்சாக உழைத்தன. பிரதிநிதிகள் சபையில் 237–197, செனட்டில் 83–15. இதில் வரி விகிதம் மாறவே இல்லை. 1980 முதல் சீனச் சரக்கு குறைந்த வரியில்தான் வந்துகொண்டிருந்தது. வருடா வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 'அடுத்த வருடம் என்ன ஆகுமோ' என்ற பயம் நீங்கியதே ஆலைகளை இடம் மாற்றப் போதுமான காரணமாகிவிட்டது என்று பொருளாதார ஆய்வுகள் பிற்பாடு காட்டின. 2000-ல் சுமார் 1.7 கோடிப் பேர் இருந்த அமெரிக்க உற்பத்தித் துறையில் 2010-ல் 1.2 கோடிக்கும் குறைவு. இயந்திரமயம், 2008 நெருக்கடி என வேறு காரணங்களும் உண்டு. சீன இறக்குமதிப் போட்டியால் 1999-க்கும் 2011-க்கும் இடையில் சுமார் 20 முதல் 24 லட்சம் வேலைகள் போயின என்று 2016-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

மலிவான சரக்கால் கோடிக்கணக்கானோர் கொஞ்சம் கொஞ்சம் பயன் பெற்றார்கள். இழப்பு மட்டும் சில ஊர்கள்மேல் மொத்தமாக விழுந்தது. அவர்களுக்கென்று 1962-லேயே ஒரு நிவாரணத் திட்டம் இருந்தது: வேலை போனவருக்கு மறுபயிற்சி, உதவித்தொகை. 2022 ஜூலை 1 முதல் அது புதிய விண்ணப்பதாரர்களைச் சேர்ப்பதில்லை. மசோதா நிறைவேறும்வரை ஓடியாடி உழைத்த கூட்டமைப்புகள், இந்தத் திட்டத்தைக் காப்பாற்ற அதில் பாதி உழைப்பாவது கொடுத்திருக்க வேண்டும். அடுத்த மசோதாவுக்கு ஓட்டுக் கேட்கப் போகும்போது அந்த ஊர்க்காரர்கள் இதைத்தான் கேட்பார்கள்.

சின்ன நிறுவனம் இதில் பங்கெடுக்க வழி உண்டா?

உண்டு. ஒப்பந்தம் பற்றி, அதிபர் சார்பில் பேச்சுவார்த்தை நடத்தும் வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு அறிவிப்பு வெளியிடும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். அமெரிக்க அரசின் சர்வதேச வர்த்தக ஆணையம் விசாரணை நடத்தும்போது நேரில் சாட்சி சொல்லக் கேட்கலாம். உள்நாட்டில் கிடைக்காத மூலப்பொருளுக்குத் தற்காலிக வரிவிலக்குக் கேட்டு அதே ஆணையத்தில் மனுப் போட 2016-ல் ஒரு சட்டம் வழி செய்தது. அப்படி வந்த விலக்குகள் 2020 முடிவில் காலாவதியாகிவிட்டன. திரும்பக் கொடுப்பது காங்கிரஸின் கையில்.

எழுதும்போது குறியீட்டு எண், கட்டிய வரி, ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் முதல் பத்தியிலேயே போடுங்கள். பாதகம் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு எப்படியும் சொல்லத்தான் போகிறது; உங்கள் வாயால் முதலில் வந்தால் மற்ற எண்களையும் நம்புவார்கள்.

சட்டம் நிறைவேறிய பிறகு வேலை முடிந்ததா?

முன்பெல்லாம் அப்படித்தான் நினைத்தார்கள். யுஎஸ்எம்சிஏ அதை மாற்றிவிட்டது. அதன் ஆயுள் 16 வருடம். ஆறாவது வருடம், அதாவது 2026 ஜூலை 1 அன்று, மூன்று நாடுகளும் உட்கார்ந்து பரிசீலிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. நீட்டிக்க மூவரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பரிசீலனை. அதாவது 2019-ல் கடிதம் எழுதிய அதே நிறுவனங்கள், எத்தனை பேரை வேலைக்கு எடுப்போம் என்று அப்போது சொன்னோம், எத்தனை பேரை எடுத்தோம் என்ற இரண்டு எண்களோடும் மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்.